ஹெப்பாரினும் பிளேட்லெட்டும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

சென்ற இதழில் ஐ.சி.யூ. நோயாளிகளுக்கு ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் போன்ற ஊசிகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதில் ஒரே வரியில் சொல்லிச் சென்ற ‘ஹெப்பாரினால் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) குறைவது’ என்ற நோயைப் பற்றித்தான் இந்த முறை அதிகக் கேள்விகள். கடலூர், புதுச்சேரி வட்டாரத்து வாசகர்களும் மருத்துவமனைப் பணியாளர்களும் கேட்டவற்றுக்கு ஒரு தீவிர சிகிச்சை மருத்துவரும் ஒரு ரத்தவியல் மருத்துவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

அப்பாவுக்கு வயது 63. புதுச்சேரியில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன் பிளேட்லெட் 2,40,000. மறுநாள் 1,28,000, மூன்றாம் நாள் 1,21,000, ஐந்தாம் நாள் 1,72,000 என்று ஏறியது. ஆறாம் நாள் 1,38,000. ஏழாம் நாள் 94,000. எட்டாம் நாள் 66,000. இடது கால் வீங்கி, டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. ஹெப்பாரினை நிறுத்திவிட்டு அர்காட்ரோபான் என்று ஒரு மருந்து ஓடுகிறது. அதுவும் ரத்தம் உறையாமல் செய்யும் மருந்துதானாமே? தம்பிக்கு டெங்கு வந்து 60,000க்கு இறங்கியபோதே பதறிப்போனோம். அப்பாவுக்கு பிளேட்லெட் ஏற்றச் சொன்னால் வேண்டாம் என்கிறார்கள். இது சரியா?
— மகள், பண்ருட்டி

சரிதான். உங்கள் பயமும் நியாயமானதுதான். நம் ஊரில் பிளேட்லெட் என்ற சொல்லையே டெங்குவை வைத்துத்தான் கற்றுக்கொண்டோம். எண்ணிக்கை இறங்கினால் ரத்தம் கசியும், ஆகவே ஏற்ற வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது. இந்த நோயில் நடப்பது அதற்கு நேர்மாறு. பிளேட்லெட் குறையக் குறைய, கசிவதற்குப் பதிலாக ரத்தம் உறைகிறது.

பிளேட்லெட்டுகளுக்குள் ‘பி.எஃப்.4’ என்ற புரதம் இருக்கிறது. அது நேர்மின்னூட்டம் கொண்டது. ஹெப்பாரினோ அடர்ந்த எதிர்மின்னூட்டம் கொண்ட நீண்ட சங்கிலி. ரத்தத்தில் இரண்டும் சந்தித்தால் ஒட்டிக்கொண்டு ஒரு புதுக் கூட்டுப்பொருளாகின்றன. சிலருடைய நோயெதிர்ப்பு மண்டலம் அதை அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பொருள் கூட்டுப்பொருளோடு சேர்ந்து பிளேட்லெட்டின் மேற்பரப்பில் போய் உட்கார்ந்து அதைத் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, ரத்தத்தை உறையவைக்கும் திராம்பின் பெருக்கெடுக்கிறது, சிரைகளிலும் தமனிகளிலும் ரத்தக்கட்டி உருவாகிறது. இப்படிச் செலவழிந்துபோவதால்தான் எண்ணிக்கை சரிகிறது. இந்த நேரத்தில் வெளியிலிருந்து பிளேட்லெட் ஏற்றினால் உறைதலுக்குக் கூடுதல் சரக்கு கொடுத்தது போலாகிவிடலாம். கண்ணெதிரே ரத்தப்போக்கு இருந்தாலோ, அதிக ரத்தம் போகக்கூடிய அவசரச் செய்முறை இருந்தாலோ மட்டும் ஏற்றுவார்கள்.

ஹெப்பாரினை நிறுத்தினால் மட்டும் போதாதா? போதாது. நிறுத்திய பிறகும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறது, திராம்பின் தொடர்ந்து உருவாகிறது. கட்டி இல்லாமல் பிளேட்லெட் மட்டும் குறைந்த நிலையில் கண்டுபிடித்து, ஹெப்பாரினை நிறுத்தி, வேறு எதுவும் கொடுக்காமல் விட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் ரத்தக்கட்டி வந்ததைப் பழைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் அப்பாவுக்குக் கட்டியே வந்துவிட்டது. ஆகவே ஹெப்பாரின் அல்லாத ஒரு உறைவு எதிர்ப்பு மருந்து முழு அளவில் ஓடியாக வேண்டும்.

அவர் எண்களில் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பைபாஸ் முடிந்த முதல் மூன்று நாட்களில் பிளேட்லெட் பாதியாகக் குறைவது சாதாரணம். இதய-நுரையீரல் இயந்திரமும் ஏற்றிய திரவங்களும் அதற்குக் காரணம். பிறகு தானாக ஏறும், அவருக்கும் ஏறியது. ஏறிய எண்ணிக்கை ஆறாம் நாள் மறுபடி இறங்கத் தொடங்கியதே, அந்த இரண்டாம் இறக்கம்தான் அடையாளம். சதவீதத்தையும் அறுவைக்கு முந்தைய 2,40,000லிருந்து கணக்கிடக் கூடாது. அறுவைக்குப் பிறகு எட்டிய உச்சமான 1,72,000லிருந்து கணக்கிட வேண்டும். 66,000 என்பது 60 சதவீதத்துக்கு மேற்பட்ட வீழ்ச்சி.

எங்கள் ஐ.சி.யூ.வில் வெண்டிலேட்டரில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஹெப்பாரின் போகிறது. அவர்களில் பாதிப் பேருக்கு பிளேட்லெட்டும் குறைகிறது. எல்லோரையும் சந்தேகப்பட முடியுமா? எதை வைத்துப் பிரிப்பது?
— ஐ.சி.யூ. செவிலியர், வில்லியனூர்

இந்தப் பகுதியின் மையக் கேள்வியே இதுதான். ஐ.சி.யூ. நோயாளிகளில் மூன்றில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை ஏதோ ஒரு கட்டத்தில் பிளேட்லெட் குறைகிறது. அவர்களில் ஹெப்பாரினால் வரும் இந்த நோய் உண்மையில் இருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறுவது அரிது. செப்சிஸ் (தொற்றால் உடல் முழுதும் பாதிக்கப்படுவது), டி.ஐ.சி. (உடலெங்கும் ரத்தம் கட்டுப்பாடின்றி உறைவது), கல்லீரல் கோளாறு, நிறைய ரத்தமும் சலைனும் ஏற்றியதால் நீர்த்துப்போவது, மருந்துகள், டயாலிசிஸ், இதயத்துக்குத் துணையாக வைக்கும் பலூன் பம்ப் என்று வேறு காரணங்கள் வரிசையாக நிற்கின்றன. அதற்காக அந்த ஒருவரைத் தவறவிட்டால் அவர் காலையோ உயிரையோ இழக்கலாம். எல்லோருக்கும் பயந்து ஹெப்பாரினை நிறுத்தினாலும் ஆபத்துதான். விலை கூடிய மாற்று மருந்துகளை, முறிமருந்து இல்லாத மருந்துகளை, ரத்தம் கசியக்கூடிய நோயாளிக்குத் தேவையில்லாமல் கொடுத்ததாகிவிடும்.

பிரித்துப் பார்க்க உதவுவது நாள்கணக்கு. ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்பே கேஸ் ஷீட்டில் பாதி விடை கிடைத்துவிடும்.

முதல் ஹெப்பாரின் ஊசி போட்ட நாளைப் பூஜ்யமாக வையுங்கள். எதிர்ப்பொருள் உருவாக அவகாசம் வேண்டும் என்பதால் பிளேட்லெட் பொதுவாக 5ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில் இறங்கத் தொடங்கும். கடந்த 30 நாட்களுக்குள் ஏற்கெனவே ஹெப்பாரின் போயிருந்தால் எதிர்ப்பொருள் தயாராக இருக்கும். மறுபடி போட்ட 24 மணி நேரத்துக்குள் சரியலாம். ஹெப்பாரினை நிறுத்தி வீட்டுக்குப் போனவர் சில நாட்களிலிருந்து மூன்று வாரத்துக்குள் ரத்தக்கட்டியோடு திரும்பி வருவதும் உண்டு.

அடுத்து, எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் இறங்கும். ஆனால் அடிமட்டம் பெரும்பாலும் 40,000 முதல் 80,000 வரை நின்றுவிடும். 10,000, 15,000 என்று போய், தோலில் சிவப்புப் புள்ளிகளும் ரத்தக்கசிவும் இருந்தால் முதலில் வேறு காரணத்தைத் தேடுங்கள். வான்கோமைசின், பிப்பெராசிலின், கோட்ரைமாக்சசோல் போன்ற மருந்துகளுக்கு எதிரான எதிர்ப்பொருள் அப்படிச் செய்யும். ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்த சில மணி நேரத்திலேயே சரிந்தால் டைரோஃபிபான், எப்டிஃபிபடைடு என்ற பிளேட்லெட் தடுப்பு மருந்துகளைப் போட்டார்களா என்று பாருங்கள்.

இவற்றை ஒழுங்காக எடைபோடத்தான் ‘நான்கு டி’ (ஆங்கிலத்தில் 4Ts) மதிப்பெண் இருக்கிறது. நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2.

எண்ணிக்கை: 50 சதவீதத்துக்கு மேல் குறைந்து, அடிமட்டம் 20,000க்குக் கீழ் போகாவிட்டால் 2. குறைவு 30 முதல் 50 சதவீதம், அல்லது அடிமட்டம் 10,000 முதல் 19,000 வரை என்றால் 1. அதற்கும் குறைவான வீழ்ச்சி, அல்லது 10,000க்குக் கீழ் என்றால் 0.

நாள்: 5 முதல் 10ஆம் நாளுக்குள் தெளிவாகத் தொடங்கினால், அல்லது 30 நாட்களுக்குள் ஹெப்பாரின் போயிருந்து ஒரே நாளில் சரிந்தால் 2. இடையில் சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எடுக்காமல் விட்டதால் நாள் தெளிவில்லை என்றாலோ, 10ஆம் நாளுக்குப் பிறகு என்றாலோ, முந்தைய ஹெப்பாரின் 30 முதல் 100 நாட்களுக்கு முன் என்றாலோ 1. அண்மையில் ஹெப்பாரின் போகாதவருக்கு முதல் 4 நாட்களுக்குள் என்றால் 0.

ரத்தக்கட்டி: புதிதாக உறுதியான கட்டி, ஊசி போட்ட இடத்தில் தோல் கருகுவது, நரம்பில் ஹெப்பாரின் போட்டதும் குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல் என்று வந்தால் 2. இருந்த கட்டி வளர்ந்தால், தோல் சிவந்து தடித்தால், கட்டி இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் 1. ஒன்றுமில்லை என்றால் 0.

வேறு காரணம்: எதுவும் தெரியவில்லை என்றால் 2, இருக்கலாம் என்றால் 1, நிச்சயம் இருக்கிறது என்றால் 0.

கூட்டுத்தொகை 3 வரை வந்தால் வாய்ப்பு குறைவு; 4, 5 நடுத்தரம்; 6 முதல் 8 வரை அதிகம். பண்ருட்டி வாசகியின் அப்பாவுக்கு 7 அல்லது 8 வரும்.

உங்கள் வார்டில் அடிக்கடி வரும் ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். சிறுநீர்த் தொற்றால் செப்சிஸ். சேர்ந்த அன்றே ஹெப்பாரின் 5,000 யூனிட், நாளைக்கு இரண்டு வேளை. பிளேட்லெட் சேர்க்கையில் 1,90,000. இரண்டாம் நாள் 1,20,000. மூன்றாம் நாள் 84,000. நான்காம் நாள் 71,000. ஆறாம் நாள் 78,000. எட்டாம் நாள் 1,10,000. வீழ்ச்சி பாதிக்கு மேல், அதற்கு 2. நாள் பொருந்தவில்லை, 0. கட்டி இல்லை, 0. செப்சிஸ் கண்ணெதிரே இருக்கிறது, 0. மொத்தம் 2. அதைவிடப் பெரிய சாட்சி, ஹெப்பாரின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை ஏறியது. இவருக்குப் பரிசோதனையும் வேண்டாம், ஹெப்பாரினை நிறுத்தவும் வேண்டாம். இதே நோயாளிக்குப் பத்தாம் நாள் 1,10,000லிருந்து 50,000க்கு விழுந்தால் கதையே வேறு. அன்றைக்கு மறுபடி மதிப்பெண் போட வேண்டும். ஒருமுறை போட்டதோடு விட்டுவிடுவதுதான் ஐ.சி.யூ.வில் அதிகம் நடக்கும் தவறு.

இன்னொரு தவறு நாள்கணக்கைத் தம் மருத்துவமனையிலிருந்து தொடங்குவது. விருத்தாசலத்தில் ஒரு நாள், கடலூரில் மூன்று நாள் இருந்துவிட்டுப் புதுச்சேரிக்கு வருகிறார் நோயாளி. இங்கே அவருக்கு அது முதல் நாள். ஹெப்பாரினுக்கு அது ஐந்தாம் நாளாக இருக்கலாம். ஆஞ்சியோகிராம் அறையில் போட்ட ஒரு டோஸ் ரெஃபரல் சீட்டில் வராமலே போய்விடும். உறவினரிடம் கேளுங்கள்: ‘இதற்கு முன் எந்த ஆஸ்பத்திரியில் இருந்தார், ஆஞ்சியோ செய்தார்களா, டயாலிசிஸ் செய்தார்களா, கடந்த மூன்று மாதத்தில் ஆபரேஷன் ஏதாவது உண்டா?’ செவிலியராகிய நீங்கள் கேட்டு எழுதும் அந்த நாலு வரி, பல நேரங்களில் ஆய்வகச் சீட்டைவிடப் பெரிய உதவி.

சி.பி.சி. எப்போது எடுப்பது? முதல் ஹெப்பாரின் ஊசிக்கு முன்னால் ஒன்று அவசியம். அது இல்லாவிட்டால் எதிலிருந்து குறைந்தது என்றே சொல்ல முடியாது. பிறகு 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. பெரிய அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாளாவது. 30 நாட்களுக்குள் ஹெப்பாரின் போனவருக்கு முதல் நாளிலிருந்தே.

ஹெப்பாரின் ஒத்துக்கொள்ளாவிட்டால் எனாக்ஸாபாரினுக்கு மாற்றினால் போதாதா?
— மருந்தாளுநர், நெல்லிக்குப்பம்

போதாது, மாற்றவே கூடாது. எனாக்ஸாபாரினும் ஹெப்பாரின்தான், சங்கிலி மட்டும் சின்னது. அதனால் இந்த நோயைப் புதிதாக உண்டாக்கும் வாய்ப்பு அதற்குக் குறைவு. ஆனால் எதிர்ப்பொருள் ஏற்கெனவே உருவான உடம்பில் அதையும் அந்த எதிர்ப்பொருள் அடையாளம் கண்டுகொள்ளும். ஃபோன்டாபாரினக்ஸ் வேறு, ஐந்தே சர்க்கரைக் கண்ணிகள் கொண்ட அது பி.எஃப்.4ஐக் கூட்டிப் பிடிக்கும் அளவுக்கு நீளமில்லை. அதனால் மாற்று மருந்தாகப் பயன்படுகிறது.

எலைசா பரிசோதனையில் ‘பாசிட்டிவ், ஓ.டி. 0.6’ என்று வந்தது. நோயாளிக்கு நிமோனியா, நான்கு டி மதிப்பெண் 3. உறுதி என்று எடுத்துக்கொள்ளலாமா?
— பணி மருத்துவர், மஞ்சக்குப்பம்

எடுத்துக்கொள்ளக் கூடாது. மதிப்பெண் 3 என்றால் அந்தப் பரிசோதனையையே கேட்டிருக்க வேண்டியதில்லை. தொகுப்பாய்வுகளில், மதிப்பெண் 3 வரை வந்தவர்களில் நோய் இல்லை என்பது 99 சதவீதத்துக்கு மேல் சரியாக இருந்தது. ஐ.சி.யூ.வில் தகவல் குறைபாட்டால் அந்த நம்பிக்கை கொஞ்சம் தளரலாம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, அந்த 3 முழுத் தகவலோடு போட்டதா, தேதி தெரியாமல் போட்டதா என்பதைத்தான்.

எலைசா எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று மட்டுமே சொல்கிறது. அந்த எதிர்ப்பொருள் பிளேட்லெட்டைத் தூண்டுமா என்று சொல்லாது. இதய அறுவை முடிந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட எலைசா பாசிட்டிவ் ஆகலாம். நோய் வருவது 100 பேரில் 1 முதல் 3 பேருக்குத்தான். அதனால் பாசிட்டிவ் என்ற சொல்லை விட்டுவிட்டு, எதிர்ப்பொருள் எவ்வளவு என்று காட்டும் ஓ.டி. எண்ணைப் படியுங்கள். 0.4க்கு மேல் போனாலே பல ஆய்வகங்கள் பாசிட்டிவ் என்று அச்சடிக்கும். 0.4 முதல் 1.0 வரை உள்ளவர்களில் உண்மையான நோய் இருப்பது 5 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. 2.0ஐத் தாண்டினால் ஏறக்குறைய 90 சதவீதம். ஆய்வகம் எண்ணைத் தராமல் ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் அனுப்பினால் கூப்பிட்டுக் கேட்டு வாங்குங்கள். ஐ.ஜி.ஜி.யை மட்டும் பார்க்கும் கிட்டா, மூன்று வகை எதிர்ப்பொருளையும் பார்க்கும் கிட்டா என்பதையும் கேளுங்கள். முதலாவதில் பொய்யான பாசிட்டிவ் குறைவு.

நெகட்டிவ் முடிவுதான் எலைசாவின் உண்மையான பலம். மதிப்பெண் நடுத்தரமாக இருந்து எலைசா நெகட்டிவ் என்றால் நோயை ஒதுக்கிவிட்டு ஹெப்பாரினைத் திரும்பத் தொடங்கலாம். மதிப்பெண் 6, 7 இருக்கும்போது நெகட்டிவ் வந்தால் மட்டும் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்: மாதிரி மிகச் சீக்கிரம் எடுக்கப்பட்டதா, பிளாஸ்மா மாற்று சிகிச்சை நடந்த பிறகு எடுத்ததா என்று பார்த்து மறுபடி அனுப்புங்கள்.

பிளேட்லெட் உண்மையில் தூண்டப்படுகிறதா என்று காட்டும் செயல்பாட்டுப் பரிசோதனைகளில் செரோடோனின் வெளியீட்டுப் பரிசோதனைதான் அளவுகோல். கதிரியக்கப் பொருளும் ஆரோக்கியமானவரின் புதிய பிளேட்லெட்டும் வேண்டும் என்பதால் மிகச் சில மையங்களே செய்கின்றன. நம் பக்கத்தில் எலைசா மாதிரியையே பலர் வெளியூருக்கு அனுப்பி நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்: மதிப்பெண் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மாதிரியை அனுப்பிய கையோடு ஹெப்பாரினை நிறுத்தி மாற்று மருந்தைத் தொடங்குங்கள். முடிவுக்குக் காத்திருக்கும் முதல் இரண்டு நாட்கள்தான் கட்டி விழும் நாட்கள்.

மாற்று மருந்தின் அளவில் நடக்கும் தவறுகளையும் சொல்லிவிடுகிறோம். அர்காட்ரோபானைக் கல்லீரல் அகற்றுகிறது. வழக்கமான அளவு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். கல்லீரல் பழுது, இதயச் செயலிழப்பு, பல உறுப்புச் செயலிழப்பு உள்ளவருக்கு 0.5இல் தொடங்குங்கள். ஏ.பி.டி.டி. (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) தொடக்க நிலையைப் போல் ஒன்றரை முதல் மூன்று மடங்குக்குள் இருக்க வேண்டும், 100 விநாடியைத் தாண்டக் கூடாது. டி.ஐ.சி. உள்ளவருக்கு ஏ.பி.டி.டி. முதலிலேயே நீண்டிருக்கும். அதைப் பார்த்து மருந்து ‘போதும்’ என்று குறைத்துக்கொண்டே போய், கட்டி வளர்வதைப் பார்க்க நேரிடும். இன்னொரு மாற்று மருந்தான பைவாலிருடினுக்கு மணிக்குக் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம், சிறுநீரகம் பழுதானால் குறைக்க வேண்டும். ஃபோன்டாபாரினக்ஸ் 50 கிலோவுக்குக் கீழ் 5, 50 முதல் 100 வரை 7.5, அதற்கு மேல் 10 மில்லிகிராம், நாளைக்கு ஒருமுறை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் 30க்குக் கீழ் போனால் வேண்டாம். நிலை சீரான, வாய்வழி மருந்து எடுக்கக்கூடியவருக்கு ரிவராக்சபானும் உண்டு. கால் வீங்காவிட்டாலும் இரண்டு கால்களுக்கும் டாப்ளர் பார்த்துவிடுங்கள். கட்டி இருக்கிறதா இல்லையா என்பதுதான் எத்தனை மாதம் மருந்து என்பதை முடிவு செய்கிறது.

வார்ஃபரின், அசிட்ரோம் என்ற உறைவு எதிர்ப்பு மாத்திரைகள் இரண்டையும் பிளேட்லெட் 1,50,000ஐத் தொடும்வரை தொடங்காதீர்கள். அவை முதலில் குறைப்பது புரோட்டீன் சி என்ற இயற்கையான உறைவுத் தடுப்பானை. திராம்பின் பொங்கிக்கொண்டிருக்கும் உடம்பில் அதுவும் குறைந்தால் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபட்டுக் காலே கருகிவிடும். ஏற்கெனவே அசிட்ரோம் போய்க்கொண்டிருக்கும் வால்வு நோயாளிக்கு இந்த நோய் வந்தால் அதை நிறுத்தி வைட்டமின் கே கொடுங்கள்.

‘எல்லா ஹெப்பாரினையும் நிறுத்து’ என்று டாக்டர் எழுதினார். நிறுத்தினோம். ஆனாலும் பிளேட்லெட் ஏறவில்லை, டயாலைசரும் (மெஷினில் ரத்தத்தை வடிகட்டும் பகுதி) அடைத்துக்கொண்டே இருக்கிறது. எங்கே தவறு?
— டயாலிசிஸ் டெக்னீஷியன், காரைக்கால்

ஊசி நின்றிருக்கும், ஹெப்பாரின் நின்றிருக்காது. படுக்கையருகே நின்று, நோயாளியின் உடம்பில் ஏறும் ஒவ்வொரு குழாயையும் அதன் முனை வரை கையால் பின்தொடருங்கள். ஆர்ட்டீரியல் லைனின் அழுத்தப் பையில் சலைனோடு ஹெப்பாரின் கலந்திருக்கும். வெறும் சலைன் பையாக மாற்றுங்கள். சென்ட்ரல் லைனைக் கழுவ முன்பே கலந்து வைத்த சிரிஞ்சுகள் டிரேயில் கிடக்கும். அந்த டிரேயையே எடுத்துவிடுங்கள். டயாலிசிஸ் கத்தீட்டரின் இரண்டு முனைகளிலும் பூட்டி வைக்கும் ஹெப்பாரின் மில்லிக்கு 1,000 முதல் 5,000 யூனிட் வரை இருக்கும். அதில் ஒரு பங்கு ரத்தத்தில் கசியத்தான் செய்யும். அதை உறிஞ்சி எடுத்துவிட்டு 4 சதவீத சிட்ரேட் அல்லது சலைனால் பூட்டுங்கள். மெஷினைத் தயார்செய்யும்போது குழாயைக் கழுவும் சலைனில் பழக்க தோஷத்தில் ஹெப்பாரின் ஊற்றுவதும் உண்டு.

ஹெப்பாரின் பூச்சுள்ள கத்தீட்டர்களை மாற்ற வேண்டும். ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் புரோத்ராம்பின் கூட்டுச் செறிவு மருந்துகள் சிலவற்றில் ஹெப்பாரின் சேர்ந்திருக்கும், லேபிளைப் படியுங்கள். டிரிப் போட்ட கை வீங்கினால் வார்டில் தடவும் த்ராம்போஃபாப் களிம்பிலும் ஹெப்பாரின்தான் இருக்கிறது. தோல் வழியாகப் போவது சொற்பம் என்றாலும் இந்த நோயாளிக்கு அதுவும் வேண்டாம். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், கட்டிலின் தலைமாட்டில், டயாலிசிஸ் மெஷினில் என்று மூன்று இடங்களிலும் சிவப்பு எழுத்தில் ‘ஹெப்பாரின் கூடாது’ என்று ஒட்டுங்கள். இரவு ஷிப்டுக்கு வருபவர் பார்ப்பது அதைத்தான்.

டயாலைசர் காரணமில்லாமல் திரும்பத் திரும்ப அடைவது இந்த நோயின் முதல் அறிகுறியாகவே வரலாம். வழக்கம்போல் ஹெப்பாரினைக் கூட்டி ஓட்டிப் பார்க்காமல் அன்றே சி.பி.சி. அனுப்பச் சொல்லுங்கள். டயாலிசிஸ் தொடங்கிய முதல் சில வாரங்களில் இது குறிப்பாகப் பொருந்தும். அடைக்காமல் ஓட்ட 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 200 மில்லி சலைனால் கழுவலாம். ஏற்றிய சலைனை அகற்றும் நீரின் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். ஆனால் சலைன் கழுவல் குழாயை மட்டும்தான் காக்கும். நோயாளியைக் காக்க மாற்று மருந்து உடம்பில் ஓட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்கரப் டைபஸ் எல்லாமே பிளேட்லெட்டைக் குறைக்கின்றன. இவர்களுக்கு ஹெப்பாரினும் போட்டுவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?
— பொதுநல மருத்துவர், குறிஞ்சிப்பாடி

இவற்றில் பிளேட்லெட் சேரும் அன்றே குறைந்திருக்கும், அல்லது சேர்ந்த ஓரிரு நாளில் குறையும். ஹெப்பாரினுக்கு முந்தைய வீழ்ச்சிக்கு ஹெப்பாரின் காரணமாக முடியாது. டெங்குவில் காய்ச்சல் விடும் தறுவாயில் அடிமட்டம் தொட்டு, பிறகு மளமளவென ஏறும். ஸ்கரப் டைபஸில் அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழ் என்று மறைவிடங்களில் கருகிய பொருக்குப் புண்ணைத் தேடுங்கள்; டாக்சிசைக்ளின் தொடங்கிய இரண்டு நாட்களில் காய்ச்சல் தணிவதும் துணைச் சாட்சி. காய்ச்சல் தணிந்து, பிளேட்லெட் ஏறி, வெண்டிலேட்டரை எடுக்கலாம் என்று நினைக்கும் எட்டாம் ஒன்பதாம் நாளில் மறுபடி பாதியாக விழுந்தால் ‘பழைய காய்ச்சலின் மிச்சம்’ என்று தள்ளிவிடாதீர்கள். நோயாளி தேறும்போது எண்ணிக்கை மட்டும் விழுவது இந்த நோயின் சாயல். பிளேட்லெட் மிகக் குறைந்த டெங்கு நோயாளிக்கு முதலிலேயே ஹெப்பாரினைத் தவிர்த்து, கால்களுக்குக் காற்றழுத்தப் பட்டை போடுவதே நல்லது.

மெஷின் 45,000 என்று காட்டுகிறது. ஸ்லைடில் பார்த்தால் பிளேட்லெட் கொத்துக் கொத்தாக இருக்கிறது. எதை ரிப்போர்ட் செய்வது?
— ஆய்வக டெக்னீஷியன், திருப்பாதிரிப்புலியூர்

45,000 என்று அனுப்பாதீர்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்திருக்கும் இ.டி.டி.ஏ. சிலருடைய பிளேட்லெட்டை ஒட்ட வைத்துவிடும். மெஷின் கொத்தை எண்ணாது. நீல மூடி சிட்ரேட் குழாயில் புதிதாக ரத்தம் வாங்கி உடனே ஓட்டுங்கள். அந்தக் குழாயில் சிட்ரேட் திரவம் கலந்து நீர்ப்பதால் வரும் எண்ணை 1.1ஆல் பெருக்கி, ஸ்லைடில் கொத்து இல்லை என்று பார்த்து ரிப்போர்ட் செய்யுங்கள். ஒரு மருத்துவர் உங்கள் எண்ணை நம்பி ஹெப்பாரினை நிறுத்திவிடுவார் என்பதால் இந்தப் பத்து நிமிட வேலை மிக முக்கியம்.

ஐ.சி.யூ.வில் இருக்கும் மாமியாருக்கு டியூப் வழியாகப் பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?
— இல்லத்தரசி, அரியாங்குப்பம்

வேண்டாம். ஹெப்பாரினால் குறைந்த பிளேட்லெட் ஹெப்பாரினை நிறுத்தி, சரியான மாற்று மருந்து கொடுத்தால் சில நாட்களில் தானாக ஏறும். வெளியிலிருந்து கொண்டுவரும் சாறு உணவுக் குழாயை அடைக்கலாம், வயிற்றுப்போக்கையோ தொற்றையோ உண்டாக்கலாம். மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு இந்த நோய் வந்து தேறினார்கள். இப்போது வால்வு மாற்ற வேண்டும் என்கிறார்கள். இனி வாழ்நாள் முழுக்க ஹெப்பாரினே கூடாதா?
— மகன், முத்தியால்பேட்டை

இந்த எதிர்ப்பொருளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பெரும்பாலும் 100 நாட்களுக்குள் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். அம்மை நோயில் போல, மறுபடி பார்த்ததும் உடனே பெருகும் நினைவும் இதற்கு வழக்கமாக இல்லை. ஆகவே இப்போது எலைசா எடுத்து நெகட்டிவ் என்று உறுதியானால், திறந்த இதய அறுவை நடக்கும் அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் ஹெப்பாரின் கொடுக்கலாம். இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு அதைவிடக் கைவந்த, முறிமருந்து உள்ள மருந்து வேறில்லை. அறுவைக்கு முன்னும் பின்னும் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. ஆஞ்சியோகிராம், கத்தீட்டர் கழுவல், கால் ரத்தக்கட்டித் தடுப்பு எல்லாவற்றுக்கும் வேறு மருந்து. அறுவைக்குப் பிறகு இரண்டு வாரம் பிளேட்லெட்டை நெருக்கமாகப் பார்க்க வேண்டும். எலைசா இன்னும் பாசிட்டிவாக இருந்தால், தள்ளிப்போடக்கூடிய அறுவையைத் தள்ளிப்போடுவார்கள். முடியாவிட்டால் பைவாலிருடினை வைத்தோ, பிளாஸ்மா மாற்று செய்தோ நடத்துவார்கள்.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து இதய அறுவை மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் தனித்தனியாகக் காட்டுங்கள். அதில் ஹெப்பாரின் தொடங்கிய தேதி, நாள்வாரி பிளேட்லெட் எண்ணிக்கை, எலைசாவின் ஓ.டி. எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த மருத்துவமனையின் பதிவறையில் கேட்டு நகல் வாங்குங்கள். அன்று மதிப்பெண்ணும் போடாமல், பரிசோதனையும் செய்யாமல் ‘ஹெப்பாரின் அலர்ஜி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதைச் சொல்லத் தயங்காதீர்கள். எண்களை வைத்து இப்போதும் மதிப்பெண் போட்டுப் பார்க்க முடியும். குறைவாக வந்தால், அம்மாவின் கையில் கட்டும் சிவப்பு எச்சரிக்கை அட்டையையே எடுத்துவிடலாமா என்று ரத்தவியல் மருத்துவர் முடிவு செய்வார்.